உட்கார்ந்து பார்க்காமல் வாங்கிய நாற்காலிகள்

கடைக்காரர் நாற்காலியைத் தோள்துண்டால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "உக்காந்து பாருங்க" என்றார். நான் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "சும்மா உக்காருங்க, பாத்தா காசா கேக்கப் போறேன்?" என்றார் மறுபடியும். குமுளியில் அந்தக் கடை சாலையைப் பார்த்தே இருக்கிறது. எதிரே ஆட்டோக்காரர்கள் நாலு பேர் வேலையில்லாமல் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் நாற்காலியை அரையடி பின்னால் இழுத்தேன். சத்தம் வரவில்லை. பிறகு முன்னால் தள்ளினேன். அப்போதும் வரவில்லை. "நல்லா இருக்கு" என்றேன்.

"இழுத்துப் பாத்து வாங்கறதுக்கு இது என்ன சைக்கிளுங்களா?" என்றார் அவர்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயதாகிறது. அதுவரைக்கும் சாப்பாட்டு மேஜைக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டதில்லை. அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

நாற்காலி வாங்க நேர்ந்ததே நான் நின்றதால்தான். என் மகள் தேக்கடிப் பக்கம் ஒரு ஓட்டலில் வரவேற்பில் வேலை பார்க்கிறாள். அங்கேயே வேலை செய்யும் ஒரு பையனும் அவளும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். பையனுக்குச் சொந்த ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, வேலந்தாவளம் பக்கம். தென்னந்தோப்பு, மாடு கன்று உள்ள குடும்பம். அவனுடைய அப்பாவும் அம்மாவும் முதல்முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது, இருந்த இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் அவர்களை உட்காரவைத்தோம். பையன் கட்டிலில் உட்கார்ந்தான். நான் சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். டீ குடித்தார்கள், பலகாரம் சாப்பிட்டார்கள், என்னிடம் சில விஷயங்கள் கேட்டார்கள். ஆமாம், இல்லை என்று பதில் சொன்னேன். இரண்டு மணி நேரம் இருந்துவிட்டுப் போனார்கள். எல்லாம் நன்றாக நடந்தது என்றுதான் நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து மகள் வேலையிலிருந்து வந்து பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள். "அப்பா, ஒங்களுக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கலியா?"

"யாரு சொன்னா?"

"அவங்க அம்மா சொன்னாங்களாம். பொண்ணோட அப்பாவுக்கு இதுல இஷ்டமே இல்ல, இவங்க எப்பப் போவாங்கன்னு நின்னுக்கிட்டே இருந்தாருன்னு. ஒக்காரக்கூட இல்லியாம் நீங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மரியாதைக்காகத்தானே நின்றேன்? பெரியவர்கள் வந்திருக்கும்போது எப்படி உட்காருவது? அவர்கள் ஊரில் பெண்ணின் அப்பா சம்பந்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார், நிற்பது என்றால் வந்தவர்களை அனுப்பிவைக்கப் பார்க்கிறார் என்று அர்த்தம் என்று மகள் சொன்னாள். "அடுத்த மாசம் நான் அவங்களைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கேன். எல்லாரும் ஒண்ணா டேபிள்ல ஒக்காந்து சாப்பிடணும்ப்பா. இந்தத் தடவையும் நீங்க நின்னீங்கன்னா அவங்க மனசு விட்டுருவாங்க." அவள் சின்ன வயதிலிருந்தே எதையும் என்னிடம் கேட்டு அடம்பிடித்ததில்லை.

மேஜை எங்களிடம் இருந்தது. அது வந்த கதையைச் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி எஸ்டேட் பங்களாவில் வேலைக்குச் சேர்ந்தேன். குசினியில் பாத்திரம் கழுவுவதில் தொடங்கி, மேஜையில் பரிமாறும் வேலைக்கு வந்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் அதுதான் வேலை. துரை மாறுவார், நான் மாறவில்லை. விருந்தாளி மேஜைக்கு வரும்போது நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கினாற்போல் பின்னால் இழுக்க வேண்டும். அவர் முழங்கால் மடங்கும் நேரத்துக்கு முன்னால் தள்ள வேண்டும். கால் தரையில் உரசிச் சத்தம் வந்தால் அன்றைக்குப் பெரிய குசினிக்காரரிடம் பேச்சு வாங்க வேண்டும். அந்த வேலையில் எனக்குக் கெட்ட பெயர் வந்ததில்லை. ஆனால் யாரும் இல்லாத நேரத்தில்கூட அந்த நாற்காலிகளில் உட்கார்ந்து பார்க்கத் தோன்றவில்லை. உட்காரக் கூடாது என்று யாரும் சொன்னதுமில்லை. துடைக்கும் சாமான் என்றே அதை நினைத்திருந்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பங்களாவைச் சுற்றுலாக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். பழைய சாமான்களை எல்லாம் காயலான் எடுக்கும் ஆக்கர்காரருடைய லாரியில் நான்தான் ஏற்றிக் கொடுத்தேன். மேஜை மட்டும் லாரியில் இடம் போதாமல் நின்றுவிட்டது. "நீ எடுத்துக்கோ" என்றார் துரை. எஸ்டேட் லயத்து வரிசைவீட்டைவிட்டு வந்து கட்டிய எங்கள் சின்ன வீட்டில் முன்னறை முழுக்க அதுதான். அதன்மேல் அரிசி டின், குக்கர், மகள் இஸ்திரி போடும் போர்வை. நாங்கள் மூன்று பேரும் அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவோம்.

மகள் போனில் படம் காட்டினாள். "இந்த மாதிரி வாங்குங்கப்பா. மிட் செஞ்சுரி மாடர்ன்."

"அப்படின்னா?"

"போன நூற்றாண்டு நடுவுல வந்த டிசைன். இப்ப எங்க ஓட்டல்ல எல்லாமே இதுதான்."

படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தேன். கால்கள் கீழே போகப்போக ஒல்லியாகி வெளிப்பக்கமாகச் சரிந்திருந்தன. பிரம்பு பின்னிய இருக்கை. முதுகுப்பலகை லேசாக வளைந்து வந்தது. "இதுதான பங்களாவுல கெடந்தது? ஆக்கர் லாரியில நான்தான ஏத்துனேன்" என்றேன்.

அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். "ஏத்தாம இருந்திருக்கலாம்லப்பா!"

பழையது என்று தூக்கிப்போட்டதைப் புதுசு என்று கடையில் போய் வாங்க வேண்டும். இதில் எது மாடர்ன், எது பழசு என்று எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

அதனால்தான் அந்தக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். கடைக்காரர் பாலக்காட்டு ராவுத்தர், குமுளிக்கு வந்து ரொம்ப வருஷமாகிறது. பாய் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அவர் எனக்கு மூன்று விதம் காட்டினார். மூன்றுக்கும் கால் சரிவாகத்தான் இருந்தது. ஒன்று பச்சை ரெக்சின் போட்ட பஞ்சு இருக்கை, கை வைத்தது. இன்னொன்று முழுக்க மரம், உட்காரும் இடத்தில் லேசாகக் குழித்தது. மூன்றாவது பிரம்பு.

மேஜையின் உயரத்தைச் சணல் கயிற்றில் இரண்டு முடிச்சுப் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். ஒரு முடிச்சு மேஜையின் மேல்மட்டம், மற்றது மேஜைக்கு அடியில் வரும் குறுக்குச் சட்டம். கை வைத்த நாற்காலியின் பக்கத்தில் கயிற்றைப் பிடித்தேன். அதன் கை சட்டத்தைவிட ஒரு விரல்கடை உயரம். உள்ளே போகாது, இடிக்கும்.

"கை இருந்தாத்தானுங்க ஒரு கெத்து" என்றார் பாய்.

"டேபிள்ல இடிக்கும் பாய்."

"இந்த வெவரமெல்லாம் தெரியுது, உக்காந்து பாக்க மட்டும் மாட்டேங்கறீங்க."

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. "நீங்க உக்காருங்க பாய். நான் பாக்கேன்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு மர நாற்காலியில் உட்கார்ந்தார். நான் அவருக்குப் பின்னால் போய் நின்றேன். அது எனக்குப் பழக்கமான இடம். பங்களாவில் எந்த விருந்தாளிக்கு உட்கார வசதியாக இருக்கிறது, யாருக்கு இல்லை என்பது பின்னால் நிற்கிற எனக்குத் தெரிந்துவிடும். வசதி இல்லாதவர் ஒரு பக்கத் தொடையிலிருந்து மறுபக்கத்துக்கு மாறிக்கொண்டே இருப்பார். பிரம்பு தொய்ந்துபோன நாற்காலியில் முன்சட்டம் தொடையை அறுக்கும், அவர் நுனிக்கு வந்துவிடுவார். பஞ்சு வைத்தது மழைக்காலத்தில் ஈரவாடை அடிக்கும். வசதியாக உட்கார்ந்தவருக்குச் சாப்பாடு முடிந்ததுகூடத் தெரியாது. தட்டை எடுத்த பிறகும் எழுந்திருக்க மாட்டார்.

பாய் மரத்திலும் உட்கார்ந்தார், பிரம்பிலும் உட்கார்ந்தார். நான் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். "எப்படி இருக்கு பாய்?"

"எனக்கு எல்லாமே சொகந்தானுங்க. நான் விக்கறவனாச்சே."

வீட்டுக்காரிக்குப் போன் செய்தேன். "எது தொடைக்கச் சுளுவோ அத வாங்கிட்டு வாங்க. இதுக்குப்போயி போன் பண்ணுதீய" என்று வைத்துவிட்டாள். மகளுக்குச் செய்தேன். அவள், "கம்ஃபர்ட்டா இருக்கா? ஒக்காந்து பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"பாத்தேன்" என்றேன். பொய். போனை வைத்த பிறகு இன்னும் குழப்பமாகிவிட்டது. பாய் மரத்தில் உட்கார்ந்தபோது இரண்டு தரம் அசைந்தார், பிரம்பில் ஒரு தரம்தான் அசைந்தார். அந்த ஒரு அசைவை நம்பிப் பிரம்பு என்று சொன்னேன்.

"எத்தனைங்க?"

மனதுக்குள் எண்ணினேன். பையன், அவன் அப்பா, அம்மா, தங்கச்சி, நாலு பேர். என் மகள், என் வீட்டுக்காரி. "ஆறு."

"ஆறுதானுங்க ஒரு செட்டு. கணக்கா வந்துட்டீங்க" என்றார் பாய்.

ஜீப்பில் கொண்டுவந்து இறக்கியபோது வீட்டுக்காரியும் எண்ணிப்பார்த்தாள். "ஆறு. சரியாத்தான் வாங்கியிருக்கீய" என்றாள். ஒன்றில் காலை மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "இப்படி ஒக்காந்தா நல்லாத்தான் இருக்கு" என்றாள். மகள் ஆறையும் மேஜையைச் சுற்றிப் போட்டுப் போனில் படம் எடுத்தாள். "நீங்களும் ஒக்காருங்கப்பா, பழகிக்கோங்க" என்றாள். நாளைக்கு உட்காருகிறேன் என்று சொன்னேன். அடுத்த நாளும் அப்படியே சொன்னேன். தினமும் காலையில் துடைத்தேன். பிரம்பின் கண்ணுக்குள் பழைய பல்தேய்க்கும் பிரஷ் விட்டுத் தூசி எடுத்தேன். அப்படியே நாள் ஓடி, அவர்களைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்ட ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

பையனின் அப்பா, அம்மா, தங்கச்சி மூன்று பேரும் முந்தின நாளே வந்து பையனுடைய குவார்ட்டர்ஸில் தங்கியிருந்தார்கள். மதியம் நாலு பேருமாக வந்தார்கள். பையனின் அப்பா நல்ல உயரம், நல்ல கனம். வாரச் சந்தையில் மாடு பார்த்துப் பழகியவர். உள்ளே வந்ததும் நாற்காலியைத்தான் பார்த்தார், குனிந்து காலைப் பார்த்தார். "ஏனுங்க, இப்பப் பொறந்த கன்னுக்குட்டி எந்திரிச்சு நிக்கறாப்புல கால அகட்டிட்டு நிக்குதுங்களே. தாங்குமுங்களா?" என்றார். எல்லாரும் சிரித்தோம். எனக்கு உள்ளுக்குள் பயம் வந்துவிட்டது. அந்த ஒன்றை நான் கடையில் கேட்கவேயில்லை.

என் கை தானாக வேலை செய்தது. அவருக்கு நாற்காலியை இழுத்துத் தள்ளினேன். பிறகு பையனின் அம்மாவுக்கு, தங்கச்சிக்கு, பையனுக்கு, என் மகளுக்கு. சத்தமே வரவில்லை. ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். ஒரு நாற்காலி காலி. நான் சோற்றுச் சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டேன். வீட்டுக்காரி கோழிக்குழம்பை எடுத்துக்கொண்டாள். ஆளுக்கொரு பக்கம் நின்றோம்.

யாரும் தட்டைத் தொடவில்லை. பையனின் அப்பா அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தார். "அதுக்கு யாருங்க வரோணும்?"

நான் வீட்டுக்காரியைப் பார்த்து, உட்கார் என்று கண்ணைக் காட்டினேன். அவள் என்னைப் பார்த்து அதையே காட்டினாள். நான் மறுபடியும் காட்டினேன். அவளும் மறுபடியும் காட்டினாள். பையனின் அம்மா கையை மேஜையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அவிகளுக்கு எங்ககூட உக்காந்து சோறு உங்கறதுக்கு இஷ்டமில்ல போல இருக்குது" என்று மெதுவாகத் தன் மகனிடம்தான் சொன்னார். எல்லாருக்கும் கேட்டது. என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"உக்காரேன்" என்றேன் வீட்டுக்காரியிடம், வாய்விட்டே.

"நீங்க ஒக்காருங்க. நான் பரிமாறணும்லா? எனக்கு எங்க சேரு? ஆறு பேருக்கு ஆறு சேரு."

"ஆறாவது ஒனக்குத்தான வாங்குனேன்."

"எனக்கா? அப்ப ஒங்களுக்கு?"

நான் சட்டியைப் பிடித்தபடி மறுபடியும் எண்ணினேன். அவர்கள் நாலு. மகள் ஐந்து. வீட்டுக்காரி ஆறு. எண்ணிக்கை அங்கேயே நின்றுவிட்டது. "என்னையச் சேக்கலியே" என்றேன்.

"நான் என்னையச் சேக்கல" என்றாள் அவள்.

பையனின் தங்கச்சிதான் முதலில் சிரித்தாள். வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. "அம்மா, ரெண்டு பேரும் அவிக அவிகள உட்டுப்போட்டு எண்ணியிருக்காங்கம்மா!" பையனின் அம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். அவர் என்ன நினைக்கிறார் என்று முகத்தை வைத்து எனக்குத் தெரியவில்லை.

நான் சோற்றுச் சட்டியை வைத்துவிட்டு ஆறாவது நாற்காலியை வீட்டுக்காரிக்கு இழுத்துப் போட்டேன். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டது அதுதான் முதல் தடவை. அவள் யாரோ தள்ளிவிட்டது மாதிரி பொத்தென்று உட்கார்ந்தாள். நான் பின்வாசலுக்கு ஓடி, கழுவின பாத்திரம் கவிழ்த்து வைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துக்கொண்டு வந்தேன். அதைப் பார்த்ததும் பையனின் அப்பா எழுந்துவிட்டார்.

"அத இங்க கொண்டாங்க. உங்ககிட்டச் சொல்லாம எப்படிங்க, இந்தப் பிரம்புல எனக்குப் பொறத்தால குத்துதுங்க. இது உள்ள வாங்குது வேற. நான் அதுல உக்காந்துக்கறேன், நீங்க இதுல உக்காருங்க."

"அய்யோ, வேண்டாங்க" என்றேன்.

"ஆரு கேக்கறா? குடுங்க" என்று என் கையிலிருந்து பிடுங்கிப் போட்டு உட்கார்ந்து, "ஆங், இதுதானுங்க சொகம்" என்றார். மிட் செஞ்சுரி மாடர்ன் அவ்வளவுதான்.

அவர் எழுந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். அவருடைய சூடு அதில் இருந்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மேஜைமேல் வைத்தேன், பிறகு கீழே எடுத்தேன். மேஜையில் இருந்த சட்டிகளெல்லாம் திடீரென்று பெரிதாகத் தெரிந்தன. முப்பது வருஷமாகச் சாப்பிடுகிறவர்களின் உச்சந்தலையைத்தான் பார்த்திருக்கிறேன். யாருக்கு வழுக்கை, யாருக்கு வகிடு கோணல் என்று தெரியும். இப்போது சுற்றிலும் முகங்கள் என் முகத்துக்கு நேரே இருந்தன. எதைப் பார்ப்பது என்று தெரியாமல் தண்ணீர் தம்ளரைப் பார்த்தேன். மகள் எழுந்து எல்லாருக்கும் பரிமாறிவிட்டு எனக்கும் சோறு போட்டாள். போதும் என்று சொல்லக்கூட வரவில்லை, அவள் பாட்டுக்குப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

பையனின் அம்மா இன்னும் சாப்பிடத் தொடங்கவில்லை. நேராக என்னைப் பார்த்துக் கேட்டார். "ஏனுங்ணா, கேட்டர்றேன். புள்ளைய எங்களுக்குக் குடுக்கறதுல உங்களுக்குச் சம்மதந்தானுங்களா?"

நான் எழுந்துவிட்டேன். மேஜையிலிருந்து யாராவது என்னைக் கேள்வி கேட்டால் நின்றுதான் பதில் சொல்லுவேன், வேறு விதம் எனக்குத் தெரியாது. ஆனால் இத்தனை நாளும் நின்ற இடத்திலிருந்துதான் சொன்னேன். இப்போது உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்ததால் பின்னால் நாற்காலி தரையில் கிறீச்சென்று இழுபட்டது. வீடே கூசும்படியான சத்தம். பையன் கையிலிருந்த கோழித்துண்டோடு அப்படியே இருந்தான். மகளின் முகம் வெளுத்துவிட்டது. நான் கோபித்துக்கொண்டு எழுந்துவிட்டேன் என்றுதான் அவர்கள் எல்லாரும் நினைத்திருப்பார்கள்.

"சம்மதங்க" என்றேன். "முழுச் சம்மதங்க. அன்னிக்கே சம்மதந்தான். நான் நின்னது மரியாதைக்கு."

பையனின் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அது சரிங்ணா. அத உக்காந்து சொல்லுங்க" என்றார்.

நாற்காலி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரியாமல் பின்னால் கையை நீட்டித் தேடினேன். பையனின் அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தபடியே அதை எனக்குத் தள்ளிவிட்டார். அப்போதும் சத்தம் வந்தது. நான் உட்கார்ந்து, "சம்மதங்க" என்றேன். இந்தத் தடவை குரல் சின்னதாக வந்தது.

"இப்பத்தானுங்க உங்க சத்தமே எனக்குக் கேக்குது" என்றார் பையனின் அம்மா. பிறகு குழம்பை ஊற்றிப் பிசைய ஆரம்பித்தார். அதைப் பார்த்துதான் என் மகள் சாப்பிட்டாள்.

அவர்கள் போனபோது நாள் பார்த்துச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வாசலில் ஜீப்பில் ஏறும்போது பையனின் அப்பா, "அந்தச் சேர மட்டும் தூக்கிப் போட்டுறாதீங்க, அடுத்த தாட்டி எனக்கு அதுதானுங்க" என்றார். மகள் ஏழாவதாக அதே மாதிரி ஒன்று வாங்க வேண்டும் என்கிறாள். வீட்டுக்காரி, ஏழு பேரும் உட்கார்ந்துவிட்டால் நின்று பரிமாற எங்கே இடம் என்று கேட்கிறாள். இரண்டும் சரி மாதிரித்தான் தெரிகிறது.

மறுநாள் மகள் வேலைக்குப் போய்விட்டாள். வீட்டுக்காரி கடைக்குப் போயிருந்தாள். நான் துடைக்கும் துணியோடு முன்னறையில் நின்றேன். பாயை வழியில் பார்த்தால், சேர் எப்படி இருக்கிறது என்று கேட்பார். என்ன சொல்வது? அரை மணி நேரம் உட்கார்ந்தேன், ஆனால் முதுகுக்கு எப்படி இருந்தது, தொடைக்கு எப்படி இருந்தது என்று ஒன்றும் நினைவில் இல்லை. முகங்கள்தான் நினைவிருந்தன. துணியைத் தோளில் போட்டுக்கொண்டு முதல் நாற்காலியில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அடுத்ததற்கு மாறினேன். ஆறும் ஒரே அச்சு என்று பாய் சொல்லியிருந்தார். எனக்கு ஆறும் ஆறு விதமாக இருந்தது. ஒன்றிலிருந்து ஜன்னல் தெரிந்தது, ஒன்றிலிருந்து சமையலறை வாசல். நான்காவதில் உட்கார்ந்திருந்தபோது வீட்டுக்காரி பையோடு உள்ளே வந்துவிட்டாள்.

எழப் போனேன். பிறகு எழவில்லை.

"என்ன, மாறி மாறி ஒக்காந்துக்கிட்டு இருக்கீய?"

"சொகமா இருக்கான்னு பாக்கேன்."

"வாங்கி ஒரு மாசமாச்சு, விருந்தும் முடிஞ்சுபோச்சு. இப்பவா?" என்றாள். பையைக் கீழே வைத்துவிட்டு ஐந்தாவதில் காலை மடக்கி உட்கார்ந்தாள். "சரி, சொல்லுங்க. எப்படி இருக்கு?"

நான் ஒரு தரம் அசைந்து பார்த்தேன். "இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு" என்றேன்.